உப்புத் தண்ணீரில் தொண்ணூற்றாறு

அறுபத்து மூவாயிரத்து நூற்று எண்பது. மீட்டரக்கா தன் முதலாளியம்மாவுக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை இது. ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அது அவள் தலையில் வந்து உட்கார்ந்தது. ஒன்பது மணி வரைக்கும் அவள் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. ஐம்பத்து மூன்று வயதுவரை பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கைமாற்று வாங்காதவள். பதினைந்தே நிமிஷம், ஆள் கடன்காரி ஆகிவிட்டாள்.

புதன்கிழமையிலிருந்து சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

அது மின்சாரக் கார்களின் பேட்டரியைப் பழுது பார்க்கிற பட்டறை. இரண்டு ஷட்டர், ஒரு சங்கிலிப் பளுதூக்கி, ரப்பர் விரித்த நீள மேசை ஒன்று. வேலை செய்வது மூன்றே பேர். முதலாளியம்மா கணக்கும் போனும் பார்ப்பாள். வெல்டர் பேட்டரிக்குள் இருக்கிற செல்களைச் சேர்த்துப் பற்ற வைப்பான். மீட்டரக்கா மேசை முன்னால் நின்று ஒவ்வொரு செல்லிலும் சிவப்புக் கம்பி ஒரு முனையிலும் கறுப்புக் கம்பி ஒரு முனையிலுமாக வைத்து, மீட்டரில் வரும் எண்ணை வாய்விட்டுச் சொல்லுவாள். மூன்றரை வோல்ட்டுக்கு மேல் என்றால் நல்லது. மூன்றுக்குக் கீழே என்றால் நோயாளி. இரண்டுக்குக் கீழே போய்விட்டால் பிணம். அதை மறுபடி சார்ஜ் போடக் கூடாது. வீங்கும், புகையும், சமயத்தில் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றிக்கொண்ட ஒன்று அவள் மணிக்கட்டில் ஒரு தழும்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

பிணங்களுக்கென்று பின்கட்டில் ஒரு நீல டிரம் இருந்தது. நிறைய உப்புத் தண்ணீர். செத்த செல்லில் ஒளிந்திருக்கிற கொஞ்சநஞ்ச மின்சாரமும் அதில் ஊறி வடிந்த பிறகுதான் பழைய இரும்புக்காரர் எடுத்துப்போவார். பதினொரு வருஷத்தில் அந்த டிரம்மில் அவள் போட்டதற்கு எண்ணிக்கையே கிடையாது. கால்முட்டி இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. இந்த வருஷக் கடைசியோடு வேலையை விட்டுவிட்டு வீட்டில் காலை நீட்டி உட்கார்வது என்று முடிவு செய்து, முதலாளியம்மாவிடமும் சொல்லிவிட்டாள்.

அந்தப் புதன்கிழமை ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே செங்கல் கனத்துக்கும் மேல் கனமாய், வெள்ளி நிறத்தில், தொண்ணூற்றாறு செல்கள். வழக்கமான லித்தியம் இல்லை; சோடியம். உப்பில் இருக்கிற அதே சரக்கு. "கொஞ்சம் கனம், ஓட்டத்துல கொஞ்சம் குறைச்சல். ஆனா விலை பாதி," என்று முதலாளியம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டறைக்கு இந்த வகை இதுதான் முதல் தடவை. வந்தது யாருடைய காருக்கு என்றால், மீட்டரக்காவின் சம்பந்தியம்மாவுடைய டாக்சிக்கு.

சம்பந்தி என்றால் மகளைக் கொடுத்த இடம். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு நாற்காலி குறைந்துபோனதை ஆறு வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிற அம்மாள் அது. சொந்த டாக்சி, சொந்தச் சம்பாத்தியம், வாயும் சொந்தம். காரின் பழைய பேட்டரி நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகாமல் மூச்சு வாங்கிற்று. லித்தியத்தில் புதிது போட்டால் காரை விற்கிற விலை. அதனால் சோடியம் என்று துணிந்து, முன்பணமும் கொடுத்திருந்தாள்.

பெட்டியைத் திறந்தபோது முதலாளியம்மா பேங்க் வேலையாய் வெளியே போயிருந்தாள். சம்பந்தியம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இங்கயாவது உக்கார நாற்காலி இருக்கே."

மீட்டரக்கா, வேலையில் பதில் சொல்லலாம் என்று முதல் செல்லில் கம்பியை வைத்தாள். பூஜ்யம். இரண்டாவது, பூஜ்யம். மூன்றாவதும் அதே. மீட்டரைத் தட்டிப் பார்த்தாள், வேறொரு பழைய செல்லில் வைத்துப் பார்த்தாள். மீட்டர் சரியாகத்தான் இருந்தது.

"என்ன சம்பந்தி, மூஞ்சி மாறுது?"

"ஏமாத்திட்டான் சம்பந்தி. அத்தனையும் பிணம். உங்க காசுல பிணத்தைப் பொட்டி கட்டி அனுப்பிருக்கான்."

"அடப்பாவி! என் காசையா?"

"நான் இருக்கும்போது உங்க காருக்குள்ள இது ஏறாது. பாத்துக்கிட்டே இருங்க."

அவ்வளவுதான், அவளுக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. ஆறு வருஷமாய்க் கேட்ட நாற்காலிப் பேச்சுக்கெல்லாம் சேர்த்து, தொண்ணூற்றாறையும் ஒவ்வொன்றாய் அளந்து, "பூஜ்யம்! பூஜ்யம்!" என்று ஏலம் விடுகிற மாதிரி கத்தி, ஒரு செல் விடாமல் தூக்கிக்கொண்டுபோய் உப்புத் தண்ணீரில் இறக்கினாள். டிரம் நிறைந்து, பக்கத்தில் இன்னொரு டிரம்மிலும் உப்புக் கரைத்து வைக்க வேண்டியதாயிற்று. கடைசி இரண்டைக் கோபத்தோடு தூக்கியே எறிந்தாள். தண்ணீர் சம்பந்தியம்மாவின் செருப்புவரை தெறித்தது.

"என் சம்பந்தியை யாராலயும் ஏமாத்த முடியாது," என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்த அம்மாள். ஆறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. மீட்டரக்கா அன்று முட்டி வலி தெரியாமல் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதலாளியம்மா செல் அனுப்பிய வியாபாரியைப் போனில் பிடித்தாள். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்து, பிடிபிடியென்று பிடித்தாள். அந்தப் பக்கம் ஆள் நிதானமாய்ப் பேசினான்.

"அம்மா, பூஜ்யத்துலதான் அனுப்புவோம். வழியில தீப்பிடிக்கக் கூடாதுன்னு கடைசிச் சொட்டு வரைக்கும் வடிச்சுட்டுத்தான் ஏத்துறது. லித்தியத்தை அப்படி வடிச்சா செத்துரும், இது சாகாது. தூங்கும். சார்ஜ் போட்டா எழுந்துக்கும். உங்க போனுக்கு அனுப்பின தாள்ல எல்லாம் இருக்கே, படிக்கலையா?"

முதலாளியம்மா போனைப் பார்த்தாள். தாள் இருந்தது. திறக்கப்படாமல் இருந்தது.

"சரி, இப்ப செல்லெல்லாம் எங்க இருக்கு?" என்றான் வியாபாரி.

மூன்று பேரும் பின்கட்டைப் பார்த்தார்கள். வெல்டர்தான் போன் பக்கம் குனிந்து, "உப்புத் தண்ணியில," என்றான்.

வியாபாரியின் குரல் ஏறிற்று. "ராத்திரி முழுக்கவா? அப்ப முனையெல்லாம் அரிச்சுப்போயிருக்கும், மூடி வழியா தண்ணி இறங்கியிருக்கும். உத்தரவாதம் கிடையாதும்மா. பழைய இரும்புக்குப் போடுங்க." போன் வைக்கப்பட்டது.

முதலாளியம்மா கெட்டவள் இல்லை. ஆனால் பட்டறை நடப்பதே மாதத் தவணையில்தான். நோட்டை எடுத்து, செல் ஒன்றுக்கு அறுநூற்றைம்பது வீதம் தொண்ணூற்றாறுக்கு அறுபத்திரண்டாயிரத்து நானூறு, ஏற்றுக்கூலி எழுநூற்றெண்பது என்று எழுதிக் கூட்டினாள். மேலே மீட்டரக்காவின் பெயரைப் போட்டாள்.

"தாளைப் படிக்காதது என் தப்புதான். ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா. ஒரு போன். மாசம் மூவாயிரம் பிடிச்சுக்கறேன். அதுக்கு மேல என்னால இறங்க முடியாது."

"பிடிச்சுக்கங்கம்மா," என்றாள் மீட்டரக்கா. வேறென்ன சொல்ல முடியும். மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். இருபத்தொரு மாசம், அதற்குமேல் ஒரு நூற்றெண்பது. வருஷக் கடைசி, நீட்டிய கால், எல்லாம் இருபத்தொரு மாசம் தள்ளிப்போயிற்று.

பின்கட்டுக்குப் போய்ப் புருஷனுக்குப் போன் செய்தாள். அவர் சாக்குத் தைக்கிற மில்லில் இருந்தார்.

"ஒரு தப்பு பண்ணிட்டேங்க. கடனாயிருச்சு."

"எவ்வளவு?"

சொன்னாள்.

"இரு, போனை வை. உக்காந்துட்டுக் கூப்புடறேன்."

அவர் உட்கார்ந்துவிட்டுக் கூப்பிடுவதற்காக அவள் அந்த இரண்டாவது டிரம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று உடனே பிடிபடவில்லை. டிரம்மில் செல் விழுந்தால் அது சும்மா கிடக்காது. முனையிலிருந்து பொடிப்பொடியாய்க் குமிழ் கிளம்பும். உலை கொதிக்கிற மாதிரி இரண்டு நாளைக்குச் சளசளவென்று இருக்கும். முனை கறுத்துக் கரைந்து தண்ணீர் சேறாய் மாறும். இந்தத் தண்ணீர் நேற்றுக் கரைத்தபடியே தெளிவாய் இருந்தது. ஒரு குமிழ் இல்லை.

கையை விட்டு ஒரு செல்லைத் தூக்கினாள். முனை இரண்டும் பளபளவென்று இருந்தன.

போன் அடித்தது. "உக்காந்துட்டேன். இப்பச் சொல்லு."

"அப்புறம் சொல்றேன், வைங்க," என்று வைத்துவிட்டு, "வெல்டர் தம்பி!" என்று ஒரு சத்தம் போட்டாள். அவன் முகமூடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"இதைப் பாரு. அரிச்சிருக்கா?"

"இல்லையேக்கா."

"ஏன் அரிக்கல?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே டிரம்முக்கு மகாராணி."

"முனையைத் தின்னுறது வெறும் தண்ணி இல்லடா. செல்லுக்குள்ள இருக்கிற கரண்டு தண்ணி வழியா வெளிய வர்றப்பத்தான் தின்னும். இதுல கரண்டே இல்ல, பூஜ்யம். அப்புறம் எது தின்னும்? இது ராத்திரி பூரா குளிச்சிருக்கு, அவ்வளவுதான்!"

இரண்டு பேருமாய் முதலாளியம்மா முன்னால் போய் நின்றார்கள். ஒரே ஒரு செல்லைச் சார்ஜில் போட்டுப் பார்க்க அனுமதி வேண்டும் என்று மீட்டரக்கா கேட்டாள். முதலாளியம்மா நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்கிட்ட எதுக்குக்கா கேக்கறீங்க? உங்க பேர்ல எழுதியாச்சு. அது உங்க சரக்கு. சார்ஜ் போடுங்க, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக் கொடுங்க. பட்டறையை மட்டும் கொளுத்திராதீங்க."

நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசினார்கள். துணியால் ஒற்றி, வெல்டரின் சூட்டுக்காற்றுத் துப்பாக்கியைத் தூரமாய்ப் பிடித்து ஈரம் போக்கினார்கள். மீட்டரக்கா தராசைக் கொண்டுவரச் சொன்னாள். மூடி வழியாய் நீர் இறங்கியிருந்தால் எடையில் தெரிந்துவிடும் அல்லவா? பத்து செல்லை வைத்துப் பார்த்தார்கள். கிராம் பிசகாமல் பத்தும் ஒன்றாய் நின்றன.

ஒன்றை ஷட்டருக்கு வெளியே மணல் பரப்பின தட்டில் வைத்து, சார்ஜரை ரொம்பவும் மெதுவாய்த் திருகினாள். கம்பியை வைத்தாள். வெல்டர் தீயணைக்கிற டப்பாவைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி அணைத்துக்கொண்டு நின்றான்.

"பூஜ்யம் புள்ளி மூணு," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பூஜ்யம் புள்ளி ஒம்பது."

பதினொரு வருஷமாய் எண் இறங்குவதைப் பார்த்தே பழகின கண் அது. செத்துக்கொண்டிருப்பதைச் செத்தது என்று சொல்வதுதான் அவள் உத்தியோகமே. செத்துக் கிடந்த இடத்திலிருந்து ஓர் எண் எழுந்து நடந்து வருவதை அவள் பார்த்ததே இல்லை.

"ஒண்ணரை!" வெல்டர் எட்டிப் பார்த்தான். "அக்கா, ரொம்ப நேரமா நிக்கறீங்க, கம்பியை நான் பிடிக்கவா?"

"தொட்டே, கொன்னுருவேன். ஒண்ணு எட்டு. ரெண்டு."

இரண்டு என்று வந்ததும் இருவரும் மூச்சை அடக்கினார்கள். செல் வீங்கவில்லை. சூடும் இல்லை; புறங்கையை வைத்துப் பார்த்தாள், தூங்கி எழுந்த பிள்ளையின் கன்னம் போல மிதமாய் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாருக்கும் பசி தெரியவில்லை. மூன்று என்று மீட்டர் காட்டியபோது மீட்டரக்கா ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், தெருவில் போன சைக்கிள்காரர் கீழே இறங்கிவிட்டார். உள்ளேயிருந்து முதலாளியம்மா தீ என்று நினைத்து வாளியோடு ஓடி வந்தாள்.

"எங்க? எங்க பத்திக்கிச்சு?"

"பத்தலம்மா! முழிச்சுக்கிச்சு!"

அன்று சாயங்காலமும் வெள்ளிக்கிழமை காலையும் மூன்று பேருக்கும் அதே வேலை. அலசு, ஒற்று, நிறு, எட்டு வாய் சார்ஜரில் எட்டெட்டாய் மாட்டு. முதலாளியம்மாவே சட்டைக் கையை மடித்துவிட்டு அலச உட்கார்ந்தாள். தொண்ணூற்று நாலு எழுந்துகொண்டது. இரண்டு மட்டும் தராசில் பதினெட்டு கிராம் கூடுதலாய் நின்றன. விளிம்பில் நசுங்கல். கோபத்தோடு எறிந்த அந்த இரண்டு.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சம்பந்தியம்மா வந்து சேர்ந்தாள். நடந்ததை மருமகள் வழியாய்க் கேள்விப்பட்டிருந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"என் காருக்கு வந்த உசிரைப் பிணம்னு சொல்லித் தண்ணியில போட்டீங்களாமே சம்பந்தி? நாற்காலியில எண்ணிக்கை தப்பினப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

"வாங்க, வாங்க. வந்து எண்ணுங்க."

மேசைமேல் தொண்ணூற்று நாலும் வரிசையாய் நின்றன. சம்பந்தியம்மா விரலை நீட்டி எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, வெல்டரிடம் முழுக் கதையையும் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் விரிந்தது. யாருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றிற்று. வியாபாரம் பண்ணிப் பழகின மூளை.

"இரு இரு. செல்லு யார் பேர்ல எழுதியிருக்கு?"

"அக்கா பேர்ல," என்றான் வெல்டர்.

"அப்ப இது சம்பந்தியோட சரக்கு! முதலாளியம்மா, உங்களுக்கு வேணும்னா நீங்க இவங்ககிட்ட விலைக்கு வாங்கணும். சம்பந்தி, விலையைச் சொல்லுங்க. விட்டுராதீங்க. ஏத்துங்க!"

முதலாளியம்மா மேசையில் கிடந்த நோட்டைப் பார்த்தாள். தானே சொன்ன வார்த்தை, தானே எழுதிய நோட்டு. மீட்டரக்கா ஒரு செல்லைத் தட்டிக்கொண்டே யோசிக்கிற பாவனையில் நின்றாள்.

"எவ்வளவு ஏத்தலாம் சம்பந்தி?"

"ஒண்ணுக்கு ஆயிரம் சொல்லுங்க! ராத்திரி பூரா ஊறின சரக்கு, வேற எங்க கிடைக்கும்?"

"ஆயிரம்னா," என்று முதலாளியம்மா மெல்ல வாயைத் திறந்தாள், "நான் அந்த விலையைத்தான் காருக்குப் பில்லுல போடணும். உங்க காருக்கு."

சம்பந்தியம்மா வாயை மூடினாள். மறுபடி திறந்தாள். "ஏத்தாதீங்க சம்பந்தி! ஏத்தாதீங்க! நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்!"

சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. வெல்டர் தரையில் உட்கார்ந்துவிட்டான். சம்பந்தியம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மானம் போச்சு," என்று சிரித்தாள்.

"வாங்கின விலைதாம்மா," என்றாள் மீட்டரக்கா. "தொண்ணூத்து நாலையும் அதே அறுநூத்தம்பதுக்கு எடுத்துக்கங்க. ஏத்துக்கூலியும் உங்களது."

முதலாளியம்மா நோட்டில் கழித்தாள். அறுபத்தோராயிரத்து எண்ணூற்றெண்பது போயிற்று. மீதி ஆயிரத்து முந்நூறு, நசுங்கின இரண்டுக்கு. காருக்குத் தொண்ணூற்றிரண்டு போதும், மற்றது உபரி. அதனால் வேலை நிற்கவில்லை. வியாபாரிக்கும் போன் போட்டார்கள். அவன் முதலில் நம்பவில்லை. நிறுத்த எடை, ஏறின வோல்ட், எல்லாவற்றையும் மீட்டரக்கா தன் கோணல் எழுத்தில் எழுதிவைத்திருந்த தாளை முதலாளியம்மா வாசிக்க வாசிக்க, அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. "அந்தக்கா இருக்காங்களா? குமிழி வரலைன்னு சொன்னதை அவங்க வாயால இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க," என்றான். அவள் சொன்னாள். கொஞ்சம் நீட்டி முழக்கியே சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் கார் தயார். நாலு பேரும் ஏறிக்கொண்டார்கள். சம்பந்தியம்மா ஓட்டினாள். முன்சீட்டை மீட்டரக்காவுக்குக் கொடுத்து, "சம்பந்தி, உங்க நாற்காலி," என்றாள். இத்தனை நாள் ஏறத் திணறின மேம்பாலத்தில் கார் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறிற்று. ஊரை இரண்டு சுற்று சுற்றியும் பேட்டரி முள் முக்கால்வாசியில் நின்றது. "கனமா இருக்கு, ஆனா தெம்பா இருக்கு. என்னை மாதிரி," என்றாள் சம்பந்தியம்மா. மில் வாசலில் நிறுத்தி மீட்டரக்காவின் புருஷனையும் ஏற்றிக்கொண்டார்கள். பின்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தவர், "அந்த அறுபத்து மூவாயிரம் என்னாச்சு? நான் ரெண்டு நாளா உக்காந்தே இருக்கேன்," என்றார்.

பட்டறைக்குத் திரும்பினதும் சம்பளம். முதலாளியம்மா கவரை நீட்டினாள்.

"அந்த ஆயிரத்து முந்நூறை விட்டுரலாம்க்கா. செல்லைக் கழுவி எழுப்பினதுக்குக் கூலின்னு வச்சுக்கங்க."

"அது தனி, இது தனிம்மா. எறிஞ்சது என் கை. கழுவினதும் என் கைதான், அதுக்குக் கூலி தனியாக் குடுங்க."

"எவ்வளவு?"

"ரெண்டு நாள், அதுல ஒரு வேளை சாப்பாடு இல்லாம. ஆயிரத்து ஐந்நூறு."

முதலாளியம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஆயிரத்து ஐந்நூறை எண்ணி வைத்தாள். மீட்டரக்கா அதிலிருந்தே ஆயிரத்து முந்நூறை எண்ணித் திருப்பி வைத்தாள். மீதி இருநூறை வெல்டரிடம் கொடுத்து எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிவரச் சொன்னாள்.

"வருஷக் கடைசியோட நின்னுருவீங்களா அக்கா? அந்த ஆளு மாசம் நாலு பெட்டி அனுப்பறேங்கிறான்."

"நின்னுருவேன். கால் நீட்டணும். அதுவரைக்கும் நாலு பெட்டியையும் நான்தான் எழுப்புவேன்."

முதலாளியம்மா நோட்டில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, தேதி போட்டு, "தீர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நோட்டைத் திருப்பிப் பேனாவை நீட்டினாள். மீட்டரக்கா குனிந்து, அவசரமில்லாமல், தன் பெயரை முழுசாய் எழுதினாள்.